பசிக் கட்டில்

பெட்டி கத்த ஆரம்பித்தபோது என் வாயில் இன்னும் சோறு இருந்தது.

விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா என் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். தலை முன்னால் தொங்கியிருந்தது. கண் மூடி, முகமெல்லாம் நிம்மதியாக இருந்ததால் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் உடம்பு மொத்தமாகச் சரிந்து என் முழங்கால்மேல் விழுந்தது. அவர் கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசி தரையில் உருண்டு போனது.

"பெரியப்பா!" என்றேன். வாயில் சோறு இருந்ததால் சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். என் கையிலிருந்து பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து அவர் கைக்குப் போகும் குழாயை ஒருத்தி கிளிப் போட்டு அடைத்தாள். இன்னொருத்தி பெட்டியில் ஓடிய கோடுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா? ஏய், உன்னைத்தான். சாப்பிட்டியா நீ?"

அப்போதுதான் விழுங்கினேன். அந்த நேரத்திலும் அது ருசியாக இருந்தது. எல்லாவற்றையும்விட அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் நடுங்குகிறது.

டாக்டர் எபனேசர் வந்து பெரியப்பாவின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினார். என்னை வெளியே இழுத்துப் போனார்கள். கோயிலுக்குப் போயிருந்த பெரியம்மா அந்த நேரம் பார்த்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு வராண்டாவில் வந்தாள். கதவு இடுக்கில் உருண்டு கிடந்த போசியைப் பார்த்தாள். என் உதட்டு ஓரத்தைப் பார்த்தாள். ஒரே அறை.

"தின்னுட்டாளே! தின்னே என்ற மனுஷன கொன்னுட்டாளே!"

வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் அம்மாவும் பார்த்தாள். அம்மா ஒரு அடிகூட முன்னால் வரவில்லை.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் இருக்கிறேன். யாரிடமாவது இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

என் பெயர் கோகிலவாணி. ப்ளஸ் ஒன் படிக்கிறேன். பெரியப்பா சென்னியப்பன் ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே மெஸ் வைத்திருக்கிறார். அப்பா இறந்ததிலிருந்து நானும் அம்மாவும் அந்த மெஸ்ஸின் மாடியில் குடியிருக்கிறோம். அம்மா கீழே சமையலறையில் இருப்பாள். பெரியப்பாவிடம் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தவரைக் கைகழுவும் இடம்வரை விரட்டிக்கொண்டு போய், "ஏனுங்க, உப்பு பத்தலீங்களா?" என்று கேட்டு வம்பு செய்வார். பார்சல் வாங்க வரும் பையனைக்கூட, "நீ தின்னயாடா மொதல்ல?" என்று உட்கார வைத்துவிடுவார்.

அவருக்குத்தான் மாரடைப்பு வந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. மிச்சமும் மெல்ல மெல்லத் தளரும் என்றார் டாக்டர் எபனேசர். இதைத் தடுக்க ஒரு வழிதான் உண்டு என்று எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"வயிறு காலியா இருந்தா ஒரு ஹார்மோன் சுரக்கும். நமக்கு அது பசின்னு மட்டும்தான் தெரியும். ஆனா அது இதயத்துக்கும் போகுது. வேகத்தைக் குறை, வீக்கத்தை அடக்கு, உடைஞ்சதைச் சரி பண்ணுன்னு சொல்லுது. அடிபட்ட இதயத்துக்கு அதைவிட நல்ல மருந்து இன்னிக்கு நம்மகிட்ட இல்ல."

"அப்ப அவரையவே பட்டினி போட்டுடலாமுங்களே?" என்றாள் பெரியம்மா.

"முடியாதும்மா. இப்ப அவரைப் பட்டினி போட்டா சதைதான் கரையும். அவருக்குச் சாப்பாடும் வேணும், பசியும் வேணும். ஒரே உடம்புல ரெண்டும் இருக்காது. அதனால பசி இன்னொரு உடம்புல இருக்கணும்."

"ஊசியில போடோணும்னாலும் போடுங்க."

"போட்டுப் பார்த்தாச்சு. ரத்தத்துல சீக்கிரமே உடைஞ்சிடுது. விடாம ஏத்தினா இதயம் பழகிக்குது, அப்புறம் கண்டுக்கறதே இல்ல. உயிரோட இருக்கற வயிறுதான் அலை அலையாச் சுரக்கும். எங்க மிஷினால அந்த அலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியும். உண்டாக்க முடியாது. சின்ன வயசா, ரத்த சொந்தமா ஒருத்தர் பக்கத்துக் கட்டில்ல பசியோட படுத்தாப் போதும்."

பெரியப்பாவுக்குச் சொந்த மகன் இருக்கிறான். கவின். என்னைவிட ஒரு வயது பெரியவன். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் செருப்பைப் பார்த்தான்.

"அவனுக்கு நீட் கோச்சிங் நடக்குதுங்க டாக்டரு," என்றாள் பெரியம்மா. "பசியோட எப்படிப் படிப்பான்?"

அதற்குப் பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கும் பரீட்சை இருந்தது. அதை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"வாணி மாரியம்மனுக்கு வெரதம் இருந்தவதான? பொட்டப்புள்ளைக்குப் பட்டினி என்ன புதுசா? பெரியப்பனுக்கு ஒரு வெரதம்னு நெனச்சுக்கட்டும்," என்று சொல்லி, அன்று மாலையே என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள் பெரியம்மா. மாரியம்மனுக்கு விரதம் இருந்தபோது ஸ்கூல் கேன்டீனில் இரண்டு பன் தின்றவள் நான். அது அம்மனுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத்தான் தெரியாது.

அம்மா கையெழுத்துப் போட்டாள். "பெரிய மாமா இல்லீன்னா நாம எங்க கண்ணு போறது?"

"அப்போ நீ போய்ப் படு."

"என்ற ரத்தம் சேராது."

"சேர்ந்தா படுப்பியா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாம்பார் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் இருக்கும் கோபம் வேறு யார்மேலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஜோடி சிகிச்சை. வார்டில் கூட்டிப் பெருக்குகிற அக்காக்கள் அதைப் பசிக் கட்டில் என்பார்கள். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, தலைமாட்டில் ஒரு பெட்டி. விடிந்ததும் போய்ப் படுக்க வேண்டும். இருட்டினால் எழுந்து கஞ்சி குடிக்கலாம். பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும்தான்.

மதியத்துக்குள் பழகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். பழகவில்லை. பழகினால் அவர்களுக்கு எதற்கு நான்? பசி வரும், வயிற்றைப் பிடித்து முறுக்கும், போய்விடும். இனி வராது என்று நினைக்கும்போது இன்னும் பெரிதாக வரும். பெட்டியில் ஒரு பச்சைக் கோடு எழும். அது எழுந்தால் நர்ஸ் சந்தோஷமாகத் தலையாட்டுவாள். நான் துடிப்பது பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி தலையாட்டினால் எப்படி இருக்கும்? அந்தக் கோட்டைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருக்கும்.

முதலில் பெரியப்பா நன்றாகத்தான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கிண்டல் செய்வார்.

"ஏங்கண்ணு, எனக்கு எக் பப்ஸு திங்கோணும்போல இருக்குது. என்ற ஆயுசுல அதத் தொட்டதில்ல. உன்ற வேலைதான?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா."

"பொய் சொல்லாத. ஸ்கூல் வாசல்ல நின்னு திங்கறத நான் பாத்திருக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் வயிறு இன்னும் வலித்தது. அதே நொடியில் திரைக்கு அந்தப் பக்கம் அவரும் "ஆ" என்றார்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. அவருக்கு அவர்கள் நேரத்துக்கு இட்லி கொடுத்தார்கள், சூப் கொடுத்தார்கள். அவர் தின்றுவிட்டு இன்னும் கேட்டார்.

"ஐயா, உங்க வயிறு நெறைஞ்சிடுச்சு," என்றாள் நர்ஸ்.

"நெறைஞ்சுதுங்க. பசி போகலீங்களே." ஊருக்கே சோறு போட்ட மனுஷன் இன்னொரு இட்லிக்கு அழுததை நான் திரையின் இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன்.

எனக்கு வயிறு முறுக்குவதற்கு முன்பே அவர் கூப்பிட ஆரம்பித்தார். "வாணி, இப்ப வரும் பாரு." சொல்லி வாய் மூடுவதற்குள் வரும். என் உடம்புக்குள் நடப்பதை எனக்கு முன்னால் இன்னொருவர் தெரிந்துகொள்வது என்னவோ மாதிரி இருந்தது. குழாயைக் கழற்றிவிட்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? ஓடினாலும் மெஸ் மாடிக்குத்தான் போக வேண்டும்.

ஸ்கேனில் இதயம் தேறியிருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். பெரியம்மா எனக்குத் திருநீறு பூசினாள். கவின் செல்போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான். என் கன்னம் ஒட்டிப்போயிருந்தது அந்தப் படத்தில் நன்றாகவே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "எங்க வாணி சாமி மாதிரி" என்று எழுதியிருந்தான். சாமிக்காவது முன்னால் படையல் வைப்பார்கள்.

இன்று மதியம் பெரியம்மா மெஸ்ஸிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்தாள். பெரியப்பாவுக்கு இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெய் வாசம் திரையைத் தாண்டி வந்தது. நான் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டேன். அவருக்குக் கொடுத்துவிட்டு, போசியை அங்கேயே வைத்துவிட்டு, பெரியம்மா கீழே பிள்ளையார் கோயிலுக்குப் போனாள்.

திரை அசைந்தது. பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் போசி. குழாய் அவருக்குப் பின்னால் தொங்கியது.

"ஐயோ, எதுக்கு எந்திரிச்சீங்க? நர்ஸக் கூப்புடறேன்."

"கத்தாத. இத சாப்புடு."

"வேண்டாம் பெரியப்பா. டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். வாயத் தொற."

"நான் சாப்பிட்டா உங்களுக்குத்தான் ஆபத்து."

அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதட்டினால் எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவர் அதட்டவில்லை.

"தாயி, உன்ற காலப் புடிக்கறேன். ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்னுரு. என்னால தாங்க முடியல."

பெரியப்பா என் காலைப் பிடிப்பதா? எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து இரக்கப்பட இந்த உலகத்தில் ஒருத்தராவது இருக்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

ஒரு வாயோடு நிற்கவில்லை. அவர் ஊட்ட ஊட்ட நான் தின்றேன். பெட்டியில் பச்சைக் கோடு இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் தின்றேன். பெரியப்பா மெல்லக் கண்ணை மூடினார்.

"ம்... அடங்குது கண்ணு. அடங்குது. இன்னொரு வாய்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வராண்டாவில் வைத்து நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அவருதான் ஊட்டினாரு. சத்தியமா அவருதான்."

"பொய் வேறயா?" என்று பெரியம்மா மறுபடி கை ஓங்கினாள். "தின்னிப் பண்டாரம்! ஒரு பகல் வாயக் கட்ட முடியல உனக்கு!"

அம்மா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "அவரு எதுக்குடி ஊட்டறாரு? உசுரு போகும்னு தெரிஞ்சுக்கிட்டே எவனாவது ஊட்டுவானா? கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு போ."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்தாலும் கேட்க மாட்டேன்.

பெரியப்பாவின் இதயம் திரும்பத் துடிக்க ஆரம்பித்தது. டாக்டர் எபனேசர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரியும். அவர் விரல்ல சோறு ஒட்டியிருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

"எதுக்குத் துடைச்சீங்க? வெளியில வந்து சொல்லுங்க. பெரியம்மா என்னை அடிச்சாங்க சார்."

"சொல்றேன். சிகிச்சை முடியட்டும். இப்ப சொன்னா பிரச்சனையாகும்."

"யாருக்கு?"

அவர் மேஜைமேல் இருந்த இதய பொம்மையை எடுத்து, திறந்து, மூடினார்.

"வாணி, அவருக்குள்ள ஓடினது உன் பசி. அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் அது அடங்காது. நீ சாப்பிட்டாத்தான் அடங்கும். அவர் மூளைக்கு அது புரிஞ்சுபோச்சு. அதனாலதான் உன்கிட்ட வந்தார். உன் வயித்துல சோறு போனதும் இன்சுலின் ஏறிச்சு, பசி ஹார்மோன் இறங்கிச்சு. அவருக்கு சுகமா இருந்திருக்கும். ஆனா ஆறிக்கிட்டு இருக்கற இதயத்துக்கு அது திடீர்னு நின்னா தாளம் தப்பிடும்."

"இது நடக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் பொம்மையை மேஜைமேல் திரும்ப வைத்தார்.

"சில ஜோடிகள்ல நடந்திருக்கு. அதுக்குத்தான் நடுவுல திரை."

"திரையா? ஒரு துணி! தெரிஞ்சும் ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா யாரும் சம்மதிக்க மாட்டாங்கம்மா. எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க."

"பிழைச்சவங்களை மட்டும்தானே எண்ணறீங்க. பக்கத்துல படுத்தவங்களை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல இருந்தது. நான் அப்படிப்பட்ட பெண் இல்லை. இத்தனை நாளில் அப்படி ஆகிவிட்டேன்.

"நாளைக்குக் காலையில மறுபடி ஆரம்பிக்கணும்," என்றார். "விட்டா இதுவரைக்கும் ஆறினதும் போயிடும். அவர் தாங்க மாட்டார். இந்தத் தடவை கையைக் கட்டிடுவோம்."

"அவரோடதா?"

"ரெண்டு பேரோடதும். பாதுகாப்புக்குத்தான். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்ல. நீ வேண்டாம்னா வேண்டாம்."

வேண்டாம் என்று சொன்னால் ஒரு மனுஷன் சாவான் என்று சொல்லிவிட்டு, கட்டாயம் இல்லை என்கிறார். படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் பேச வருகிறது.

வெளியே வந்தபோது, பெரியப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது, என்னைத்தான் கூப்பிடுகிறார் என்றார்கள். பெரியம்மா வழிவிட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே போனேன். அவர் கையில் குழாய் இல்லை. என் பசி அவருக்குள் துளிகூட இல்லை. கல்லாவில் உட்கார்ந்து பார்சலுக்கு இலை எண்ணிக்கொடுக்கும் அதே பழைய முகம். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான்தான் ஊட்டினேன், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவார். பெரியம்மாவும் அம்மாவும் வாசலில்தான் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும்.

விரலை அசைத்துக் கிட்ட வரச் சொன்னார். குனிந்தேன்.

"வாணி."

"சொல்லுங்க பெரியப்பா."

"காலைல வெறும் வயித்தோட வந்துரு கண்ணு."

எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணோரத்தில் நீர் இறங்கியது. நான் துடைக்கவில்லை.

இந்த மனுஷன் பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். அவர் சாகப் பயப்படுகிறார். அது எனக்குப் புரிகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியம் என் காலைப் பிடித்தாரே, என்னால தாங்க முடியல என்று அழுதாரே, அது யார்? என் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்து, தன் உயிர் போனாலும் போகட்டும் என்று எழுந்து வந்தவர் என்றால், அவருக்காக நான் காலையில் போய்ப் படுப்பேன். கையைக் கட்டினாலும் படுப்பேன். அது வெறும் என் பசிதான், அவர் நரம்பில் ஏறி, அவர் கையைத் தூக்கி, தனக்குத்தானே சோறு தேடி வந்தது என்றால், எனக்காக யாருமே வரவில்லை. அவர் நெஞ்சை நிறுத்தியதும் என் வயிறுதான் என்று ஆகிவிடும். பெரியம்மா அறைந்தது சரி என்றும் ஆகிவிடும்.

அவரையே கேட்கலாம். அவருக்குத் தெரிந்திருக்குமா? குழாய் மாட்டியிருந்தபோது எது தன் மனசு, எது என் வயிறு என்று அவருக்கே பிரித்துத் தெரிந்திருக்குமா?

விடியப் போகிறது. கீழே நர்ஸ்கள் கட்டிலுக்குப் புது விரிப்பு போடுகிற சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட ஆள் வரும்.

இன்று மதியம் என் வாயில் சோறு வைத்தது யார்? பெரியப்பாவா, என் பசியா?